பின் சீட்டுக்கு அளவு

ராமேஸ்வரம் போய்த் திரும்பிய அன்று இன்பசேகரனால் வண்டியை விட்டு இறங்க முடியவில்லை. மதுரை ஆனையூரில் வீட்டு வாசலில் பைக்கின் இன்ஜினை அணைத்தவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். பின்னால் இருந்த மனைவி ஜோசபின்தான் முதலில் இறங்கினாள். அவளுக்கு இடது இடுப்பில் வலி. காலைத் தூக்கி இந்தப் பக்கம் கொண்டுவருவதற்குள் மேல்மூச்சு வாங்கியது. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் மனுஷன் இருந்த இடத்திலேயே இருக்கிறார்.

"என்னங்க, எறங்கலையா?"

"மடங்குன முட்டி நிமிர மாட்டேங்குது. கொஞ்சம் இரு."

எதிர்வீட்டுக் கருப்பு, சாப்பிட்ட கையோடு ஓடிவந்து வண்டியைப் பிடித்துக்கொண்டான். அவன் தோளில் ஒரு கையும் ஜோசபின் தலையில் ஒரு கையும் ஊன்றி இன்பசேகரன் ஒருவழியாய் இறங்கினார். இறங்கியும் நிமிரவில்லை. கேட்டுக்குக் குனிந்தவர் குனிந்தபடியே உள்ளே போனார்.

"ஒட்டகத்த ஆட்டுமேல ஏத்துன கணக்கா இருக்குண்ணே" என்றான் கருப்பு.

"போடா. வண்டியத்தான் சரிபண்ணணும்" என்றார் உள்ளேயிருந்து.

ஆறடி மூன்று அங்குலம். அந்த வீட்டில் கட்டில்கூட ஆர்டர் கொடுத்துச் செய்தது. கோயில் பெஞ்சில் முழங்கால் இடிக்கும் என்று கடைசி வரிசையில் நின்றுகொண்டே பூசை காண்பார். டவுன் பஸ்ஸில் கழுத்தைச் சாய்த்தபடி முப்பத்து நாலு வருஷம் கப்பலூருக்கு வேலைக்குப் போனார். ரப்பர் கம்பெனியில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். ஓய்வு பெற்ற பிறகு, தூரப் பயணத்துக்கென்றே செய்த பெரிய வண்டியாக ஒன்று எடுத்தார். எடுத்த பிறகுதான் தெரிந்தது, அதையும் ஐந்தே முக்கால் அடி ஆளை மனதில் வைத்துத்தான் செய்திருக்கிறார்கள் என்று. முழங்கால் டாங்கிக்கு மேலே வந்தது. காற்று, கண்ணாடிக்கு மேலேறி நேராக நெற்றியில் அடித்தது. கை எட்டுவதற்குக் கூன வேண்டியிருந்தது.

பழுது என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அதைச் சரிசெய்யாமல் அவருக்குச் சோறு இறங்காது. மறுநாளே கப்பலூருக்குப் போய்விட்டார். அவரோடு வேலை பார்த்த மலைச்சாமி அங்கே சொந்தமாக லேத் போட்டிருந்தான். கால் வைக்கும் கம்பியை இரண்டு அங்குலம் கீழே இறக்கினார்கள். ஹேண்டிலுக்கு அடியில் அலுமினியக் கட்டை கடைந்து வைத்து, அதை ஒன்றரை அங்குலம் உயர்த்தினார்கள். சாயங்காலம் வந்து, "ஏறு, மார்க்கெட் போயிட்டு வருவோம்" என்றார்.

ஜோசபின் கூடையோடு ஏறினாள். திரும்புகிற மூலையில் ஹேண்டிலை ஒடித்தார். ஒடித்ததும் இன்ஜின் தானாக உறுமியது. வண்டி அவர் பேச்சைக் கேட்காமல் கரும்பு ஜூஸ்கடை வரைக்கும் போய், சக்கைக் குவியலில் ஏறி நின்றது. யாருக்கும் அடியில்லை. கடைக்காரன் மட்டும், "ரெண்டு ஜூஸா சார்?" என்று கேட்டான்.

போனில் மலைச்சாமி சொன்னான்: "ஹேண்டில ஒசத்துனோம், ஆக்சிலேட்டர் கேபிள் அதே நீளம்தானண்ணே. திருப்பயில இழுத்துருச்சு. நீள கேபிளாப் போட்டுருவோம். நான்தான் மறந்துட்டேன்."

"நானும்தாண்டா மறந்துட்டேன்" என்றார் இன்பசேகரன். அவர் முகத்தில் சந்தோஷம் இருந்தது. காரணம் தெரிந்த பழுது.

கோவாவுக்குக் கிளம்ப இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

கோவா என்று மொட்டையாகச் சொல்லவில்லை அவர். சவேரியார் கோயில் என்றார். தவக்காலம் வேறு. தவக்காலத்தில் சவேரியாரைப் பார்க்க வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? பங்குச் சாமியாரிடமும் சொல்லிவிட்டார். பூசை முடிந்து வெளியே வந்தபோது சாமியார், "குடுத்து வெச்சவுங்க டீச்சர் நீங்க" என்றார். ஜோசபின் சிரித்துவைத்தாள். கோயம்புத்தூரிலிருந்து மகள் ஆன்சி போனில், "போயிட்டு வாம்மா. இனியாச்சும் நீங்க ரெண்டு பேரும் ஊர் ஒலகத்தப் பாருங்க" என்றாள். அதற்கும் சிரித்துவைத்தாள்.

முப்பத்து மூன்று வருஷம் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுத்தாள். அதில் கடைசி ஆறு வருஷம் வீட்டில் மாமியார் படுக்கையில். காலையில் துடைத்துவிட்டுப் பள்ளிக்கூடம், மதியம் ஓடிவந்து கஞ்சி, திரும்பவும் பள்ளிக்கூடம். மாமியார் போன வருஷம் போய்ச் சேர்ந்தாள். போன மே மாதம் ஜோசபினுக்கு ஓய்வு. ஜூன் மாதம் வண்டி வந்தது.

அவளுக்குப் பெரிய ஆசை ஏதுமில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, முன்கதவைச் சாத்தி, தரையில் பாயைப் போட்டுப் படுக்க வேண்டும். யாரும் கூப்பிடக் கூடாது. எழுந்திருக்கும்போது மணி எத்தனை என்று தெரியக் கூடாது. இதைப் போய் ஆசை என்று ஒருவரிடம் சொல்ல முடியுமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அதனால் வேறு வேறு காரணங்கள் சொல்லிப் பார்த்தாள். சேலையோடு இருபக்கமும் கால்போட்டு உட்கார முடியாது என்றாள். அறுபது வயதில் அவளுக்கு இரண்டு சுடிதார் வந்தது. சாய்வதற்கு இடமில்லை என்றாள். வண்டிக்குப் பின்னால் ஒரு பெட்டி வந்தது, பெட்டியின் நெற்றியில் மெத்தை வந்தது. வெயில் என்றாள். காலை நாலரைக்குக் கிளம்பிப் பத்தரைக்கு லாட்ஜ் என்று தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினார். சேலம், தும்கூர், ஹூப்ளி, கோவா. இடுப்பு வலி என்றாள். அறுபது கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம் என்று அதே தாளில் சிவப்பு மையில் ஏறியது. அவள் சொன்ன ஒவ்வொன்றும் அவருக்கு ஒரு பழுதாகக் காதில் விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சாமான் வீட்டுக்கு வந்தது. இனிச் சொல்ல அவளிடம் காரணம் பாக்கியில்லை.

மீதி இருந்தது சீட் ஒன்றுதான்.

"முனிச்சாலைல ராஜாராம்னு ஒருத்தர் இருக்காராம். சௌராஷ்டிராக்காரர். ஒசரமான ஆளுகளுக்குன்னு சீட்ட வெட்டித் தச்சுக் குடுப்பாராம். கொச்சியிலருந்தெல்லாம் வண்டி வருதாம்" என்றார் இன்பசேகரன், புளிக்குழம்பைப் பிசைந்தபடி. தவக்காலம் என்பதால் கறி இல்லை. கத்திரிக்காயும் அப்பளமும். "மலைச்சாமிதான் அவரு கார்டு குடுத்தான். போன்ல பேசிட்டேன். ரெண்டு பேரும் வந்தாத்தான் அளவெடுப்பாராம். நாளைக்குப் பத்து மணிக்கு."

"நான் எதுக்குங்க?"

"பின்னால உக்காரப்போறது யாரு, கருப்பா?"

சாப்பிட்டுவிட்டு அவர் புதுக் கேபிள் மாட்டக் கப்பலூருக்குப் போனார். ஜோசபின் முன்கதவைச் சாத்தினாள். பாயை விரிக்கவில்லை. டி.வி. மேல் இருந்த கார்டை எடுத்து, எண்ணைப் பார்த்துப் போன் போட்டாள்.

"சீட்டுக் கடைங்களா? நாளைக்கு வாரோம்ல, ஆனையூர். ஒசரமா ஒரு சார்."

"ஆமாம்மா, ஆறடி மூணு. சொல்லுங்க."

"சீட்ட நல்லா ஒசரமா வெச்சிருங்க தம்பி."

"முட்டிக்கு எம்புட்டு வேணுமோ அம்புட்டு ஏத்துவோம்மா."

"அதுக்கும் மேல. பின்னால நான் ஏற முடியாத அளவுக்கு."

அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"ஏம்மா, அப்படி வெச்சா என்னாகும் தெரியுமா? சார் ஒரு மடக்கு ஸ்டூல் வாங்கிருவாரு. போன மாசம் திண்டுக்கல்காரர் ஒருத்தர் அதத்தான் செஞ்சாரு. பெட்டிக்குள்ள வெச்சிக்கிருவாங்கம்மா அத."

ஜோசபினுக்கு அது நன்றாகத் தெரிந்தது. மடக்கு ஸ்டூல். அடுத்த நாளே வரும்.

"ஏற முடியாத சீட்டு தச்சான்னு என் பேரும் கெட்டுப்போகும்" என்றான் ராஜாராம். "நாளைக்கு வாங்க. பாத்துக்குவோம்."

"போன் பண்ணுனேன்னு அவர்ட்ட சொல்லிராதீங்க."

"நீங்க பண்ணவே இல்லம்மா."

கடை ஒரு சந்துக்குள் இருந்தது. ஒரு பக்கம் ரெக்சின் சுருள்கள், மறுபக்கம் மஞ்சளும் சாம்பலுமாய் ஃபோம் பலகைகள். ராஜாராம் குள்ளமான மனிதன், நாற்பத்தைந்து வயது இருக்கும். சட்டைப் பையில் சாக்குக்கட்டி. அவன் மனைவி அலர்மேல்மங்கை உள்ளே மெஷினில் உட்கார்ந்து உறை தைத்துக்கொண்டிருந்தாள். இருவரும் தங்களுக்குள் வீட்டுப் பாஷையில் ஏதோ பேசிக்கொண்டார்கள். அவள் ஜோசபினைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். சொல்லியிருப்பான் போல.

வண்டியை நடுவில் நிறுத்தி, இரண்டு பக்கமும் சுவர் வளையத்தில் கயிறு போட்டு ஆடாமல் கட்டினான். பழைய சீட்டைக் கழற்றிவிட்டு, உறையில்லாத ஃபோம் துண்டுகளை அடுக்கி வைத்தான்.

"ஏறி உக்காருங்க சார். டீச்சர், நீங்களும். அரை மணி நேரம்."

"அளவெடுக்கவா அரை மணி?"

"மொத அஞ்சு நிமிசம் எல்லாரும் போட்டோவுக்கு உக்கார மாதிரி உக்காருவாங்க சார். நெஞ்சு நிமிந்திருக்கும். அதப் பாத்து வெட்டுனா திருமங்கலம் தாண்டுறதுக்குள்ள கடுக்க ஆரம்பிச்சிரும். அரை மணி கழிச்சு ஒரு உக்காரல் வரும் பாருங்க, அதுதான் ஒங்களது. அதுக்குத்தான் நான் வெட்டுவேன். ரோட்டப் பாக்குற மாதிரி நேராப் பாருங்க. திரும்பக் கூடாது. போன் பாக்கக் கூடாது. பேசலாம்."

ரோடு இருக்க வேண்டிய இடத்தில் சுவரும், அதில் ஒரு நகைக்கடைக் காலண்டரும் இருந்தன. இன்பசேகரன் ஹேண்டிலைப் பிடித்தார். ஜோசபின் அவருக்குப் பின்னால் ஏறினாள். ராஜாராம் அவளுக்குக் கை கொடுத்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டான்.

ஃபேன் மேலே சுற்றியது. கீழே காற்று வரவில்லை. ராஜாராம் குத்தவைத்து, இன்பசேகரனின் முழங்காலிலிருந்து ஒரு நூல்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தான். பாதத்தைக் கொஞ்சம் நகர்த்தினான்.

"ஒசரத்த மட்டும் ஏத்துனாப் பத்தாது சார். ஒங்க தொடை நீளம். மூணு விரல்கடை பின்னால தள்ளி உக்காரணும். அப்பத்தான் முட்டி விரியும். ஆனா அந்த எடம் டீச்சர் எடத்துலருந்துதான் வரணும். பின்னால பெட்டி வேற நிக்குது. டீச்சர் நடுவுல ஒடுங்கிருவாங்க."

"பெட்டியப் பின்னால நகத்திருவோம்" என்றார் இன்பசேகரன் உடனே. "மலைச்சாமிட்டச் சொல்லி ஒரு பிளேட் அடிச்சாப் போதும்."

"நகத்தலாம்" என்று சொல்லிவிட்டு ராஜாராம் உள்ளே போனான்.

பத்து நிமிஷம் போனது. இன்பசேகரன் சேலத்தில் எந்த லாட்ஜ் என்று சொன்னார். தும்கூருக்கு முன்னால் பாலம் வேலை நடக்கிறதாம், சுற்றிப் போக வேண்டுமாம், விக்ரம் சொன்னான் என்றார். விக்ரம், அவர் வண்டி எடுத்த ஷோரூமில் வேலை பார்க்கும் பையன். ஜோசபினுக்கு இடுப்பில் சூடாக ஒரு கம்பி இறங்கியது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடையில் வைத்திருந்தாள்.

"என்ன ஒண்ணும் பேசாம வார?" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "எங்கங்க வாரேன்? முனிச்சாலையிலதான இருக்கோம்."

அவரும் சிரித்தார். முதுகு குலுங்கியது.

"சார், ஆடாதீங்க" என்றான் ராஜாராம் உள்ளேயிருந்து.

வண்டியில் போகும்போது எப்போதும் காற்று இருக்கும், லாரி இருக்கும். ஒன்று சொன்னால் 'என்னது?' என்பார். இரண்டாம் தரம் சொல்லும்போது அதில் பாதிதான் இருக்கும். மூன்றாம் தரம், 'ஒண்ணுமில்ல, போங்க' என்று விட்டுவிடுவாள். இப்போது தையல் மெஷினும் ஓடவில்லை. அவர் மூச்சுவிடுவது அவளுக்குக் கேட்டது. அவள் எச்சில் விழுங்குவது அவருக்கும் கேட்டிருக்கும்.

"நான் வரலைங்க."

"எங்க?"

"கோவாவுக்கு."

அவர் தலை பின்னால் திரும்பப் போனது.

"சார், நேரா" என்றான் ராஜாராம். அவன் கதவோரம் வந்து நின்றிருந்தான்.

இன்பசேகரன் காலண்டரைப் பார்த்தார். "எடம் பத்தாதுங்குறதுக்காகவா? அதான் பெட்டிய நகத்திரலாம்னு சொன்னேன்ல."

"எடத்துக்காக இல்ல."

"இடுப்பா? அம்பது கிலோமீட்டருக்கு ஒருக்கா நிப்பாட்டுவோம். அஞ்சு நாளாப் போவோம். யாரு வெரட்டுறா?"

"இடுப்பும் இல்லைங்க."

"அப்ப என்ன காரணம்னு சொல்லு."

"காரணம் ஒண்ணும் இல்ல. வரல."

காரணம் இல்லாத ஒன்றை அவர் எந்த லேத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது? கைகள் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்திருந்தன.

"சவேரியாரு கோயிலுக்கு வரலைன்னு சொல்ற."

"சவேரியாரு என்னைத் தேட மாட்டாரு. நான் வீட்டுலருந்து கும்புட்டுக்கிறேன்."

"ஒனக்காகத்தான இம்புட்டும் பண்ணுனேன் ஜோசு. அந்த மெத்த, அந்தப் பெட்டி..."

"தெரியும்ங்க. நான் ஒவ்வொண்ணா வேண்டாம்னு சொல்ல முடியாம ஒரு சாக்கு சொன்னேன். நீங்க ஒவ்வொண்ணா மாட்டுனீங்க. தப்பு என்னோடதுதான். மொதல்லயே சொல்லிருக்கணும்."

"இத்தன வருசமா நீ எங்கயும் போனதில்லையேன்னு..."

"போகலதான். எனக்கு அசதியா இருக்கு. அவ்வளவுதாங்க. எங்கயும் போகாம கொஞ்ச நாள் இருக்கணும். நீங்களும் பக்கத்துல 'ஜோசு, ஜோசு'ன்னு கூப்புடாம."

கடைசி வாக்கியம் சொல்ல நினைத்ததல்ல. வந்துவிட்டது. உள்ளே அலர்மேல்மங்கை கத்தரிக்கோலை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது.

இன்பசேகரன் கட்டைவிரலால் ஹேண்டில் ரப்பரைத் தேய்த்தார். பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது.

"பின்னால நீ இருந்தா வண்டி ரோட்டுல பதிஞ்சு போகும். தனியாப் போனா லேசாத் தூக்குற மாதிரியே இருக்கும். ஆளுதான் ஜோசு நீளம். தைரியம் அம்புட்டு இல்ல."

இது அவளுக்குப் புதிது. முப்பத்தைந்து வருஷத்தில் அவர் இப்படிச் சொன்னதில்லை. முன்பே சொல்லியிருந்தால் ஒருவேளை சுடிதாரை மடித்து வைத்துக்கொண்டு கிளம்பியிருப்பாள். கை தானாக அவர் தோளுக்குப் போகப் பார்த்தது. தொடையிலேயே அழுத்திக்கொண்டாள்.

"அப்பப் போகாதீங்க."

"போகணும்போல இருக்கே."

"அப்பப் போங்க."

அவர் தோள் இரண்டும் மெல்ல இறங்கின. முதுகின் மேல்பகுதி முன்னால் வளைந்து, இடுப்பு பின்னால் சரிந்தது. பெரிய உடம்பு தன் எடையைத் தானே தூக்கிப் பிடித்திருந்ததை விட்டதுபோல் உட்கார்ந்தது. ஜோசபின் அந்த இடத்தை விட்டுக்கொடுக்கப் பின்னால் நகர்ந்தாள். பெட்டி முதுகில் தட்டியது.

ராஜாராம் சாக்குக்கட்டியோடு வந்தான். அவரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். ஃபோமில் கோடு போடக் குனிந்தவன் நிமிர்ந்தான்.

"சார், பின் சீட்டுக்கு அளவெடுக்கணுமா, வேண்டாமா?"

இன்பசேகரன் காலண்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவுங்களக் கேளுங்க."

ராஜாராம் கேட்கவில்லை. சும்மா நின்றான்.

"வேண்டாம் தம்பி" என்றாள் ஜோசபின்.

இறங்குவதற்கு அவன் கை கொடுத்தான். காலைத் தூக்கிப் போட்டு இறங்கித் தரையில் நின்றபோது இடுப்பு ஒருமுறை சுண்டி விட்டது. அலர்மேல்மங்கை ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கையில் டீயைக் கொடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அது ஜோசபினுக்கு நிம்மதியாக இருந்தது.

இன்பசேகரனும் இறங்குவதற்குக் காலை எடுத்தார்.

"நீங்க இருங்க சார்" என்றான் ராஜாராம். "ரெண்டு பேரு பாரத்துக்கு எடுத்த அளவு ஒருத்தருக்கு ஆகாது. பின்னால ஆள் எறங்குனதும் ஒங்க உக்காரலே மாறிருச்சு. மொதல்லருந்து எடுக்கணும்."

"இன்னொரு அரை மணியா?"

"ஆமா சார். இப்பப் பின்னால தள்ளி உக்காரலாம், எடம் இருக்கு."

இன்பசேகரன் மூன்று விரல்கடை பின்னால் நகர்ந்தார். முழங்கால் டாங்கியை விட்டு விலகி இறங்கியது. கால் நீண்டு கம்பியில் வாகாகப் படிந்தது. அந்த வண்டியில் அவர் முதல்முறையாகப் பொருந்தி உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். கீழே குனிந்து தன் முழங்காலைப் பார்த்தார்.

"நேரா சார்."

நேராகப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ஜோசபின், இருக்கியா?" என்றார்.

"இருக்கேன். டீ குடிக்கிறேன்."

"நேரமாகும்போல. நீ வேணா பஸ்ஸுல போ."

"போயிரவா?"

"போ."

"மத்தியானத்துக்கு ரசம் மட்டும்தான் இருக்கு. அப்பளம் பொரிச்சு வெச்சிரவா?"

"வேணாம். நான் வர வழியில சாப்ட்டுக்கிறேன். நீ கதவச் சாத்திட்டுப் படு."

அவள் டீயை ஆற்றிக் குடித்தாள். அவசரப்படவில்லை. டம்ளரை அலர்மேல்மங்கையிடம் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். ஏதாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும்போல் இருந்தது. சொன்னால் அது ஒரு சாக்காகிவிடும் என்று பட்டது. படி இறங்கிச் சந்துக்கு வந்தாள். வெயிலில் கண் கூசியது.

பத்து எட்டு வைத்திருப்பாள். பின்னால் ராஜாராமின் குரல் கேட்டது.

"தோள் ஏறுது சார். எறக்குங்க. இன்னும் கொஞ்சம். ம், இப்பச் சரி. இப்படியே இருங்க."